ஏழு சத்தம் கேட்கும்வரை

“விதி ஏழு: பெட்டியை மூடுபவர் ஒருவர், மூடியதைப் பார்ப்பவர் இன்னொருவர். பூட்டு ஏழு முறை சத்தமிட வேண்டும். இருவரும் பதிவேட்டில் கையெழுத்திடும்வரை பெட்டி திறந்திருக்கிறது என்றே கொள்ளப்படும்.”

இந்த விதி இத்தாலியின் பலெர்மோ நகரத்தில், சீசா என்ற பகுதியில், ஒரு நாலாம் மாடி வீட்டில், பாம்புப் பெட்டியொன்றின் பக்கப் பலகையில் இத்தாலியனிலும் தமிழிலும் ஒட்டப்பட்டிருந்தது. இத்தாலியன் வீட்டுக்கார அம்மாவுடையது; சின்னோரா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். தமிழ் என்னுடையது. ஆகஸ்ட் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் இந்த விதி கடைப்பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். பதிவேட்டைப் பார்த்தால் கடைப்பிடிக்கப்பட்டது என்றுதான் தெரியும். இரண்டு கையெழுத்தும் உண்டு. ஏழு என்ற இலக்கமும் உண்டு. பாம்புதான் இல்லை.

நான் ஓய்வுபெற்று ஒரு வருடமாகிறது. சமையலைப் பற்றியோ சட்டை மினுக்குவதைப் பற்றியோ இப்போது யாரும் என்னிடம் கேட்பதில்லை. பாம்பைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பலெர்மோவில் வசதியான வீடுகள் சில நாயை விட்டுப் பல்லிக்கும் பாம்புக்கும் மாறியிருக்கின்றன. அவற்றைப் பார்க்கும் வேலை நம்மவர்கள் தலையில் விழுகிறது. போன வாரம் கபோ சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது நம்மவர் ஒருத்தி அனுப்பிய குரல் செய்தி வந்தது.

“அண்ணை, எங்கட வீட்டிலையும் ஒண்டு வாங்கியிருக்கினம். ஆனாப் பயமில்லையாம், பூட்டுத் திறந்தா ஃபோனுக்கு மெசேஜ் வருமாம். அப்ப நான் ஒண்டும் பார்க்கத் தேவையில்லைத்தானே?”

பூட்டு பூட்டியிருக்கிறதா என்பதை ஃபோன் சொல்லும். கதவு மூடியிருக்கிறதா என்பதைச் சொல்லாது. இரண்டும் வேறு வேறு என்று அவருக்குக் குரலில் விளக்க முயன்றேன். மீன்காரன் கத்திய கத்தலில் முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் பயிற்சிக்காலத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கிளிநொச்சிக் காணிக் கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்தேன். வேலை பார்த்துக்கொண்டே வெளிவாரியாகப் பட்டம் எடுத்தேன்; அந்தப் பட்டம் இன்னும் ஒரு கோப்புறைக்குள் பத்திரமாக இருக்கிறது. பலெர்மோவுக்கு வந்து படிக்கட்டு கழுவினேன், நோயாளிகளைக் குளிப்பாட்டினேன், கல்யாண மண்டபத்தில் கோப்பை துடைத்தேன். இத்தாலியனை மருந்துப் பெட்டிகளுக்குள் மடித்து வைத்திருக்கும் தாள்களில் படித்தேன். இன்றும் என் இத்தாலியன் பக்கவிளைவுகளில்தான் வலுவாக இருக்கிறது.

பிறகு சின்னோரா. அவர் நீதிமன்றப் பதிவாளராக இருந்து ஓய்வுபெற்றவர். வேலைக்குச் சேர்க்கும் நாளில் என் கையில் சலவை இயந்திரத்தின் கையேட்டைத் தந்து, “இதில் என்ன குறைகிறது?” என்று கேட்டார். பதினொன்றாம் பக்கத்தில் “பக்கம் நாற்பதைப் பார்க்க” என்றிருந்தது. கையேட்டில் முப்பத்தாறு பக்கந்தான். சொன்னேன். “திங்கட்கிழமை வாருங்கள்” என்றார்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, மேசையின் விளிம்புக்குச் சரி நேராக வைப்பார். முக்கியமான எதையும் வாயால் சொல்லவிடமாட்டார். “எழுதித் தாருங்கள்” என்பார். எழுதிக் கொடுத்தால் பதிலும் எழுத்தில்தான் வரும். வரும்வரை அப்படி ஒரு விடயம் உலகத்திலேயே இல்லாததுபோல நடந்துகொள்வார். காணிக் கந்தோரில் இருந்து வந்த எனக்கு இது சொந்த வீடு மாதிரி இருந்தது.

பாம்பு அவருடைய மகனுடையது. டூரினில் வேலை கிடைத்துப் போனவன் இரண்டு கிழமைக்கு என்று விட்டுப்போனான். அந்த இரண்டு கிழமை நான் ஓய்வுபெறும்வரை நீண்டது. செம்மஞ்சள் நிறம், நாலடி நீளம், என் பெருவிரல் தடிப்பு, விஷமில்லை. இத்தாலியனில் தானியப் பாம்பு என்பார்கள். மகன் அதற்கு ஒரு பந்தாட்டக்காரனின் பெயரை வைத்திருந்தான். தன் வீட்டுக்குள் அந்தப் பெயரைக் கூப்பிட முடியாது என்று சின்னோரா வேறு பெயர் வைத்தார்: “இம்புத்தாத்தோ.” குற்றம் சாட்டப்பட்டவர் என்று அர்த்தம். அவருக்கான எலிகள் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் உறைந்து கிடந்த டப்பாவில் “சான்றுப் பொருட்கள்” என்று எழுதியிருந்தது.

“இவர் குற்றவாளி என்று யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை, சின்னோர் பொன்னு,” என்றார் முதல் நாள். “ஆனால் தப்பி ஓடக்கூடியவர். ஆகவே காவல்.”

என் முழுப்பெயர் பொன்னுத்துரை. அவர் அதை முதல் நாளிலேயே பாதியாக்கிவிட்டார்.

காவல் எப்படி வைத்தோம் என்பதைத்தான் குரல் செய்தி அனுப்பியவர் கவனமாக வாசிக்க வேண்டும். பெட்டி மரத்தாலானது. முன்பக்கம் இரண்டு கண்ணாடிகள், ஒன்றை ஒன்று தாண்டி ஓடுபவை. முதல் வேலையாக இருவரும் யன்னல்களைச் சாத்தி அறையை இருட்டாக்கினோம். எரியும் டோர்ச் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்து மூடினோம். வெளிச்சம் எங்கே கசிகிறதோ அங்கே வழி இருக்கிறது. மூன்று இடத்தில் கசிந்தது: சூடாக்கும் விளக்கின் வயர் போகும் துளை, பின்பலகையின் ஒரு மூலை, காற்றுக்கு வைத்த தட்டியில் ஆணி கழன்ற பக்கம். என் சின்னிவிரல் நுழையும் துளை எல்லாம் கதவு என்று சின்னோரா தீர்மானித்தார். வயர்த் துளையைச் சிலிக்கன் பசையால் அடைத்தோம். பசை காய்ந்து மணம் போகும்வரை நாலு நாள் குற்றம் சாட்டப்பட்டவர் மூடிபோட்ட பிளாஸ்டிக் தொட்டியில் இருந்தார். மூடியின் மேல் சிவில் சட்டத் தொகுதி இரண்டு பாகம். தட்டிக்கு உட்பக்கமாக இரும்பு வலை வைத்துத் திருகாணி போட்டேன். உட்பக்கம் என்பது முக்கியம். வெளிப்பக்கம் வைத்தால் பாம்பு மூக்கால் தள்ளித் தள்ளிக் கழற்றிவிடும். அதற்கு வேறு வேலை இல்லை.

பூட்டு நகைக்கடைக் கண்ணாடி அலுமாரிகளில் இருக்கும் வகை. பல் வைத்த இரும்புப் பட்டை ஒன்றை உள் கண்ணாடியின் விளிம்பில் கொளுவி, அதன்மேல் பூட்டைத் தள்ள வேண்டும். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு சத்தம். இரண்டு கண்ணாடிகளும் தங்கள் தங்கள் மூலைவரை போயிருந்தால் ஏழு சத்தம் கேட்கும். ஒரு கண்ணாடி சற்றுக் குறைய நின்றாலும் ஆறோ ஐந்தோதான் கேட்கும். பூட்டு அப்போதும் பூட்டிக்கொள்ளும்; திறப்பும் திரும்பும். அதுதான் அந்தப் பூட்டின் நயவஞ்சகம். ஆகவே எண்ண வேண்டும். எண்ணிய பிறகு இரு மூலையிலும் பழைய பஸ் டிக்கெட் ஒன்றைச் செருகிப் பார்க்க வேண்டும். டிக்கெட் போனால் மூடவில்லை.

இனி பிலோமினா. மன்னார்க் கத்தோலிக்கர், என் முழங்கால் நாலாம் மாடிக்கு மறுப்புத் தெரிவிக்கத் தொடங்கியபோது சின்னோரா அவரையும் சேர்த்துக்கொண்டார். எரிவாயுச் சிலிண்டரைத் தோளில் வைத்து நாலு மாடி ஏறக்கூடியவர். பாம்பு அறைக்குள் மட்டும் காலெடுத்து வைக்கமாட்டார்.

“அண்ணை, சாரை மாதிரியெல்லோ கிடக்கு.”

“சாரைக்கும் விஷமில்லைத்தானே, பிள்ளை.”

“விஷமில்லாட்டி? அது வாற வடிவைப் பார்த்தே எனக்குச் சீவன் போயிடும்.”

விதிப்படி இரண்டாவது ஆள் அவர். ஆகவே நான் உள்ளே மூடுவேன். அவர் சமையலறையில் நின்று கேட்பார்.

“ஏழு கேட்டதோ அண்ணை?”

“ஓம், கேட்டது.”

“அப்ப நானும் கேட்டன்.”

கையெழுத்து வைப்பார். இப்படி இரண்டு வருடம். விதிகளைத் தமிழில் எழுதி ஒட்டியவன் நான்.

அந்த ஆகஸ்டில் சின்னோரா வழக்கம்போல ஸ்ஃபெர்ராகவால்லோவில் தன் தங்கை வீட்டுக்குக் கடல் காற்றுக்குப் போயிருந்தார். வீடும் குற்றம் சாட்டப்பட்டவரும் எங்கள் பொறுப்பு. பிலோமினாவின் வேலை ஒப்பந்தம் வருட முடிவோடு முடிகிறது. சின்னோரா புதுப்பித்துக் கையெழுத்திட்டால்தான் அவருடைய பெர்மெஸ்ஸோ, அதாவது இங்கே இருப்பதற்கான அனுமதி, புதுப்பிக்கப்படும். அதைக் கொடுக்கும் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் டிசம்பர் நடுவில் நேரம் கொடுத்திருந்தார்கள். அனுமதி புதுப்பித்தால்தான் மன்னாரில் சித்தியோடு இருக்கும் மகளை அழைக்க விண்ணப்பிக்கலாம். மகளுக்கு வசந்தத்தில் பதினெட்டு முடிகிறது. முடிந்தால் அழைக்க முடியாது. ஒவ்வொரு வெள்ளியும் எனக்கு இந்தக் கணக்கைத்தான் ஒப்புவிப்பார். அந்த வெள்ளியும் நான் தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றிப் பூட்டைத் தள்ளிக்கொண்டிருந்தபோது சமையலறையில் இருந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மகளின் வயதை எண்ணினேன், பூட்டை எண்ணவில்லை. பதிவேட்டில் ஏழு என்று எழுதினேன். கை பழகிய இலக்கம். டிக்கெட்டும் சட்டைப் பையிலேயே இருந்தது.

சனிக்கிழமை காலை வந்து பார்த்தால் பூட்டு பூட்டியபடி இருந்தது. பெட்டி வெறுமை. வலது கண்ணாடிக்கும் மூலைக்கும் நடுவே என் சின்னிவிரல் போயிற்று.

சின்னோராவுக்கு ஃபோன் எடுத்தேன்.

“பூட்டு?”

“பூட்டியிருக்கிறது, சின்னோரா.”

“எழுதித் தாருங்கள்,” என்றார். “மூடியவர் யார், பார்த்தவர் யார், காரணம் என்ன. காரணத்துக்கு உரியவர் இந்த வீட்டில் தொடர்ந்து வேலை செய்யலாமா என்பதைப் பிறகு பார்ப்போம்.”

ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன். பிலோமினா கேட்டுக்கொண்டு நின்றார். துவாய்களை எடுத்துக் கதவுகளின் கீழே செருகத் தொடங்கினார்.

தேடுவதற்கும் முறை உண்டு. எல்லாக் கதவையும் சாத்தி அடி இடைவெளியை அடைக்க வேண்டும். தண்ணீர்க் குழாய் சுவருக்குள் போகும் இடங்களைத் துணியால் அடைக்க வேண்டும். சூடான இடங்களை முதலில் பார்க்க வேண்டும்: குளிர்ப்பெட்டியின் பின்புறம், சலவை இயந்திரத்தின் அடி, வெந்நீர்க் கொதிகலன். ஒன்றிலும் இல்லை. போகும் முன் ஒவ்வொரு வாசலிலும் மாவை மெல்லியதாக அரித்துவிட்டுப் போனோம். பாம்பு போனால் காலையில் தடம் இருக்கும். கட்டட விதிப்படி படிக்கட்டில் அறிவித்தல் ஒட்டினேன். ஒட்டிய பசை காயும் முன் மூன்றாம் மாடி தொன் பெப்பே வந்தார். இறைச்சிக்கடை வைத்திருந்து ஓய்வுபெற்றவர்.

“எத்தனை கிலோ, சின்னோர் பொன்னு?”

“ஒரு கிலோவும் வராது.”

“ஒரு கிலோவுக்கா இவ்வளவு பெரிய அறிவித்தல்? என் கடைக்கு வந்ததில் ஓடிப்போனதற்கெல்லாம் நான் ஒட்டியிருந்தால் சீசாவில் சுவர் போதாது!” திரும்பிப் போனவர் இரண்டு படியில் நின்று கேட்டார்: “கீழே வராதுதானே?”

ஞாயிறு காலை மாவில் தடம் இருந்தது. கதவில்லாத சமையலறை வாசலில் இருந்து நடைவழிப் பக்கம் ஒரு நெளிவு. நடைவழியில் இருப்பது ஒரேயொரு உயரமான அலுமாரி. உள்ளே துணிகளை ஒவ்வொன்றாக உதறினேன். இல்லை. மேலே பார்க்க ஏணி வேண்டும். என் முழங்கால் ஏணிக்கு உடன்படாது. திங்கள் காலை பிலோமினா ஏறினார். மேலே நத்தார்க் குடில் பெட்டி இருந்தது: இயேசு பிறப்புக்குச் சோடிக்கும் வைக்கோல், தக்கை, களிமண் இடையர்கள். தூசி துடைக்கத்தான் ஏறுகிறேன் என்று சொல்லிக்கொண்டு பெட்டியைக் கீழே இறக்கி மூடியைத் தூக்கினார்.

நான் சமையலறையில் இருந்தேன். அலறல் கேட்கவில்லை. சாதாரணக் குரல்தான் கேட்டது.

“அண்ணை, கெதியா வாங்கோ. ஆள் இஞ்சை.”

போய்ப் பார்த்தேன். மூடியைத் திரும்பப் போட்டு, இரண்டு உள்ளங்கையையும் அதன்மேல் விரித்து அழுத்திக்கொண்டு நிலத்தில் இருந்தார். உதடு செபம் சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டு வருடம் அறைவாசலைத் தாண்டாத ஆள்.

“எடுங்கோ கையை. நான் பார்க்கிறன்.”

“நீங்கள் தொட்டியைக் கொண்டு வாங்கோ முதல். நான் எடுத்தா ஓடிடும்.”

விதி அதுதான். கொண்டுவந்தேன். குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு இடையனையும் இரண்டு ஆட்டையும் சுற்றிக்கொண்டு நித்திரை.

அவரைத் தொட்டிக்கு மாற்றி, சட்டத் தொகுதிகளை ஏற்றி வைத்துவிட்டுப் பாம்புப் பெட்டியைப் பார்த்தேன். வலது கண்ணாடியைத் தள்ளினால் நறநறவென்று நின்றது. பூட்டைத் தள்ளி எண்ணினேன். ஐந்து. கண்ணாடியைக் கழற்றி, அது ஓடும் பள்ளத்தில் நகத்தை விட்டு இழுத்தேன். மண் வந்தது. மணலும் செம்மண்ணும் கலந்த பொடி.

வன்னியில் வேலை பார்த்த எவருக்கும் அது என்னவென்று தெரியும். மடு மாதா கோயில் மண். பாம்பு அண்டாது, கடித்தாலும் விஷம் ஏறாது என்று நம்பிக்கை. எங்கள் சைவ வீட்டிலேயே சாமிப் படத்துக்குப் பின்னால் ஒரு பொட்டலம் இருந்தது. கேட்டால் எவரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

“பிள்ளை, இது நீர் போட்டதோ?”

வாசலில் நின்றார். “ஓம். சின்னோரா இல்லாத நேரமெண்டு வெள்ளி காலமை, நீங்கள் வர முன்னம் போட்டன். கண்ணை மூடிக்கொண்டு ஓடிவந்து போட்டன். பெட்டிக்கு முன்னாலை எண்டுதான் நினைச்சன்.”

“பாம்பு வெளியில வரக்கூடாதெண்டு?”

“வந்தாலும் ஆரையும் கடிக்கக்கூடாதெண்டு.” கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: “கடிக்கேல்லைத்தானே.”

இதை மறுத்து எழுத எந்தக் கந்தோரிலும் எனக்குக் கற்றுத்தரவில்லை.

அறிக்கையை அன்று பின்னேரம் சமையலறை மேசையில் எழுதினேன். ஓர் ஆளைக் காப்பாற்றும்படி எழுதுவது எப்படி என்று எனக்குத் தெரியும். காணிக் கந்தோரில் அதற்குத்தான் நல்ல பெயர். “பள்ளத்தில் அந்நியப் பொருள் காணப்பட்டது. மூலம் அறியப்படவில்லை.” அழகாக இருந்தது. எவர் பெயரும் இல்லை. பிலோமினாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

“அந்நியப் பொருளோ?”

“அப்பிடித்தான் எழுதுறது.”

“மாதாவின்ர மண்ணோ அந்நியம்? இந்த வீட்டில அந்நியம் நீங்களும் நானும்தான் அண்ணை.”

“உண்மையை எழுதினா வேலை போகும். மகளின்ர அலுவல் என்னாகும்?”

கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க ஈரம் எதுவும் இல்லை. “எனக்குத் தெரியும்,” என்றார் கடைசியில். “ஆனா குப்பை மாதிரி எழுதிப்போட்டு, அதே மாதாட்டைப் போய் என்ர பிள்ளையைக் கொண்டுவந்து தா எண்டு நான் எப்பிடிக் கேக்கிறது? நான் போட்டதெண்டு எழுதுங்கோ. மடு மாதாவின்ர மண் எண்டும் எழுதுங்கோ.”

தாளைக் கிழித்தேன். புதிதாக மூன்று பக்கம் எழுதினேன். மண் யாருடையது, எதற்கு, எங்கிருந்து வந்தது. அதோடு, கேட்க யாரும் இல்லாவிட்டாலும் எழுத வேண்டியவற்றையும் எழுதினேன்: பூட்டு எண்ணப்படவில்லை, ஐந்து ஏழாக எழுதப்பட்டது, டிக்கெட் செருகப்படவில்லை, இரண்டாம் ஆளின் பார்வை இரண்டு வருடமாகச் சமையலறையில் இருந்தே பெறப்பட்டது, இவ்வளவுக்கும் பொறுப்பு நான். பதிவுத்தபாலில் ஸ்ஃபெர்ராகவால்லோவுக்கு அனுப்பினேன். பஸ்ஸில் போனால் ஒரு மணித்தியாலம் ஆகாது. ஆனால் கையில் கொடுத்தால் பதிவு இல்லை. பெற்றுக்கொண்டதற்கான அட்டை மூன்றாம் நாள் வந்தது. பதில் வரவில்லை.

செப்டெம்பரில் சின்னோரா திரும்பினார். கடல் எப்படி என்று கேட்டேன்; உப்பாக இருந்தது என்றார். ஒக்டோபர் போயிற்று. ஒப்பந்தத்தைப் பற்றிப் பேச்சில்லை. பிலோமினா நான் கேட்காமலே வெள்ளிக்கிழமைகளில் அறைக்குள் வந்து நிற்கத் தொடங்கினார். முதல் வாரம் கதவோடு ஒட்டிக்கொண்டு. பிறகு என் தோளுக்குப் பின்னால். சத்தமாக எண்ணுவார். நவம்பரில் ஒரு நாள் “ஆறு” என்று சொல்லி நிறுத்தினார்.

“ஏழும் கேட்டது பிள்ளை.”

“இல்லை. ஆறுதான். திறவுங்கோ.”

திறந்தேன். மூலையில், பெட்டிக்குள் விரித்திருந்த மரத்தூளின் சிராய் ஒன்று மாட்டியிருந்தது. திரும்பிப் பார்த்தால் சின்னோரா வாசலில் நின்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றவில்லை. ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

“சொன்னாத்தானே தெரியும்,” என்றார் பிலோமினா மெதுவாக. “நான் வேறை வீடு தேடவோ அண்ணை?”

தேடச் சொன்னேன். தேடினார். டிசம்பரில் யாரும் புதிதாக ஒப்பந்தம் எழுதுவதில்லை.

விடுமுறை நாளில் எங்களைக் கூப்பிடுவதில்லை என்பது சின்னோராவின் விதி. மாதாவின் அமலோற்பவத் திருநாள் இங்கே எல்லோருக்கும் விடுமுறை. பலெர்மோ வீடுகளில் குடில் வைப்பதும் அன்றைக்குத்தான். அதற்கு முதல் நாள் எங்கள் இருவரையும் நிற்கவைத்து, நாளைக்குப் பூசை முடிந்து கோப்பி குடிக்க வரும்படி சொன்னார். “வேலைக்கு அல்ல.” போனோம். நடைவழி மேசையில் குடில் பெட்டி இருந்தது.

“சின்னோரா பிலோமினா, இதைத் திறக்க எனக்குத் துணிவில்லை. நீங்கள் திறவுங்கள்.”

பிலோமினா என்னைப் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டு திறந்தார். வைக்கோலின் மேல் நீள உறை ஒன்று, சிவப்பு மெழுகு முத்திரையோடு. துணிவில்லாதவர் முன்னமே திறந்து வைத்த உறை.

நான் வாசித்தேன். முதலாவது: எண்ணாமல் எழுதப்பட்ட ஏழுக்கும், கேட்காமல் பெறப்பட்ட கையெழுத்துகளுக்கும் சின்னோர் பொன்னு கண்டிக்கப்படுகிறார், அவரே எழுதித் தந்தபடியால் மேல் நடவடிக்கை இல்லை. இரண்டாவது: மண் என்ன மண் என்பதைச் சான்று மூலம் உறுதிப்படுத்த வேண்டியிருந்தது, சான்று சொல்லக்கூடிய தமிழ்க் குருவானவர் ஊருக்குப் போய் நவம்பர் கடைசியில்தான் திரும்பினார், தாமதம் அதனால். மூன்றாவது, விதி ஏழின் கீழ் புதிய உட்பிரிவு: மடு மாதாவின் மண், மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில், பெட்டியின் மேல், கண்ணாடிப் பள்ளத்திலிருந்து ஒரு சாணுக்குக் குறையாத தூரத்தில் வைக்கப்படும். வைப்பவர் சின்னோரா பிலோமினா. போத்தல் மூடியிருப்பதை இன்னொருவர் பார்க்க வேண்டும். நான்காவது: புதுப்பித்த ஒப்பந்தம், கையெழுத்துடன், இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

“என்னவாம் அண்ணை?”

“போத்தலுக்கு மூடி வேணுமாம்.”

“ஓம், அது வேணுந்தான்,” என்றார். பிறகுதான் மற்றத் தாளைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒரு களிமண் ஆட்டை எடுத்து ஏப்ரன் இல்லாத உடுப்பில் துடைத்தார், துடைத்துக்கொண்டே நின்றார்.

சின்னோரா கோப்பி ஊற்றப் போய்விட்டார். உட்பிரிவின் கீழே, தமிழில் எழுதுவதற்கு அளந்து இடம் விட்டிருந்தார். பேனாவை எடுத்து முழுவதையும் எழுதினேன். கடைசியில் அவர் இட்டிருந்த திகதியையும் எழுதினேன்: டிசம்பர் எட்டு, மாதாவின் திருநாள்.